ஒரே ஊர், மூன்று வாசல்: இந்த மாதம் படித்ததில் இருந்து

பல்லடத்தில் இருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். பள்ளிக்கூடக் காலத்தில் நிறையப் படிப்பேன், கல்யாணத்துக்கு அப்புறம் விட்டுப்போய்விட்டது. நீங்கள் இந்த மாதம் படித்ததில் எனக்கு எதைச் சொல்வீர்கள்? கதை மட்டும் என்றில்லாமல் கலந்து சொல்லுங்கள். ராத்திரி ஒரு மணி நேரம் கிடைக்கும். வீட்டில் மாமியாரும் படிப்பார்."

நேராகவே சொல்லிவிடுகிறேன் அம்மணி. தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' நாவலில் தொடங்குங்கள். 2023இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியது. அந்த விருதை வைத்து நான் சொல்லவில்லை. அது பெரிய நாவல் இல்லை, ராத்திரி ஒரு மணி நேரம் வீதம் படித்தால் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். நம் கொங்குப் பக்கத்துப் பேச்சு என்பதால் இடறாமல் போகும். படிக்கிற பழக்கம் விட்டுப்போனவருக்கு முதல் புத்தகம் முடியவேண்டும், அதுதான் முக்கியம். முடித்த சந்தோஷம் இரண்டாவதை எடுக்க வைக்கும்.

கதை ஒரு குடிநாவிதர் குடும்பத்தைப் பற்றியது. காருமாமா என்ற மனிதரின் சாவில் தொடங்குகிறது. சாவு வீட்டுக்குச் சொந்தங்கள் ஒவ்வொருவராக வந்து சேர, அவர்களோடு சேர்ந்து பழைய கதைகளும் வருகின்றன. மனைவி விட்டுப் போனது, சகோதரிகள் பட்ட பாடு, ஊருக்கு உழைத்தும் ஊரில் கிடைத்த இடம், எல்லாம் ஒரு பையனின் நினைவாக வருகிறது. நம் பக்கத்துக் கவுண்டர் வீட்டுக் கல்யாணங்களில் நீங்கள் மங்கல வாழ்த்து கேட்டிருப்பீர்கள். கம்பர் பாடியதாகச் சொல்வார்கள். அதைப் பாடுபவர் குடிமகன் என்று நாம் அழைக்கிற நாவிதர்தான். அவர் வாயால் வாழ்த்து வராமல் சீர் நிறைவாகாது. ஆனால் பாடி முடித்துவிட்டு அவர் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறார், அந்த வீட்டில் அன்று ராத்திரி அடுப்பு எரிந்ததா என்று பந்தலில் உட்கார்ந்திருந்த நாம் யாரும் கேட்டதில்லை. இந்த நாவல் நம்மை அந்த வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போகிறது. யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், யாரையும் தேவதையாக்காமல் போகிறது. கடைசிப் பகுதியில் மனிதர்கள் ஒருவரை ஒருவர் மன்னிக்கிற விதம் இருக்கிறதே, அதற்காகவே இந்த மாதம் இரண்டாம் முறை படித்தேன்.

இது முடிந்ததும் எண்பது ஆண்டுகள் பின்னால் போகச் சொல்வேன். ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்', 1942இல் வந்தது. எழுதியவருக்கு அப்போது இருபத்தைந்து வயதுதான் இருக்கும், கீரனூர்க்காரர். தமிழில் வட்டார நாவல் என்ற வகை இதிலிருந்துதான் தொடங்குகிறது என்று பலரும் சொல்வார்கள். கு.ப. ராஜகோபாலன் முன்னுரை எழுதியிருக்கிறார். நாகம்மாள் கணவனை இழந்தவள், ஒரு பெண் குழந்தை. கொழுந்தன் சின்னப்பன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். காட்டில், அதாவது விவசாய நிலத்தில், தன் புருஷன் பங்கைப் பிரித்துக் கொடு என்று கேட்கிறாள். கெட்டியப்பன் போன்ற ஆட்கள் அந்தப் பேச்சுக்கு எண்ணெய் ஊற்றுகிறார்கள். முடிவைச் சொல்லமாட்டேன், படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

கணக்கு பார்க்கிறவர் என்பதால் உங்களுக்கு இன்னொரு விஷயமும் சொல்ல ஆசை. 1937இல் வந்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் கைம்பெண்ணுக்குக் கணவனின் பங்கில் அவள் ஆயுள் வரைக்கும் உரிமை கொடுத்தது. ஆனால் மாகாணங்களில் விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் செல்லாது என்று 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டு இந்த நாவல் வருகிறது. சண்முகசுந்தரம் சட்டத்தைப் பற்றி எழுதவில்லை, ஒரு பெண்ணின் பிடிவாதத்தை எழுதினார். ஆனால் இந்த ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் படித்தால், நாகம்மாளை 'அடங்காதவள்' என்று ஊர் பேசும்போது நமக்கு வேறு மாதிரி கேட்கிறது. காடு அவளுக்கு வேறு எந்த வழியிலும் வரப்போவதில்லை. பெண்ணுக்கும் பையனுக்குச் சமமாகப் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989இல். அதற்குப் பிறகும் நம் வீடுகளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்புகிற வழக்கம் எவ்வளவு நாள் இருந்தது, இன்னும் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

இதோடு சேர்த்துப் படிக்கவேண்டியது பெருமாள்முருகனின் 'கூள மாதாரி'. 2000இல் வந்தது. திருச்செங்கோட்டுப் பக்கம். கவுண்டர் வீட்டில் பண்ணையத்துக்கு விடப்பட்ட அருந்ததியர் பையன் கூளையன், ஆடு மேய்க்கிறான். அவனைப் போலவே வேறு காடுகளில் வேலைக்கு இருக்கும் பையன்கள், பெண் பிள்ளைகள் எல்லாம் மேய்ச்சலில் ஒன்றாகச் சேர்கிறார்கள். பனைமரம், கிணறு, பட்டி, மழைக்கு முந்தின வெயில், திருடித் தின்கிற தேங்காய் என்று முதல் பாதி முழுக்கக் குழந்தைகளின் உலகம். அந்தச் சந்தோஷம் அவ்வளவு உண்மையாக இருப்பதால்தான் பின்னால் வருகிற அடி வலிக்கிறது.

இந்த மூன்றையும் நான் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூன்றும் வேறு வேறு காலம், வேறு வேறு ஊர். ஆனால் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்கு ஒரே ஊரை மூன்று வாசலில் நின்று பார்ப்பது போல இருந்தது. 'நாகம்மாள்' காட்டுக்காரர் வீட்டு வாசல். அங்கே சண்டை நிலத்துக்காக. அந்த நிலத்தில் ஆடு மேய்க்கிற பையனுக்கு அந்தச் சண்டையில் பேச்சே கிடையாது. அவன் வாசல் 'கூள மாதாரி'. அந்த இரண்டு பேர் வீட்டுக்கும் நல்லது கெட்டதுக்கு ஒரு மனிதர் தேவை என்றால், அவர் வாசல் 'நீர்வழிப் படூஉம்'. ஒரு புத்தகத்தில் ஓரமாக நடந்துபோகிற ஆள் அடுத்த புத்தகத்தில் நடுவில் வந்து உட்கார்கிறார். தனித்தனியாக எப்போதோ படித்தபோது இது எனக்குக் கிடைக்கவில்லை. கலந்து படிப்பது என்று நீங்கள் கேட்டீர்கள் இல்லையா, எனக்குத் தெரிந்து கலந்து படிப்பதன் பெரிய பலன் இதுதான். நாவல், வரலாறு, கவிதை என்று வகையை மாற்றுவதைவிட, ஒன்று விட்டுவைத்த ஆளை இன்னொன்றில் தேடிப் போவது.

சரி, கதைக்கு வெளியே வருவோம். நீங்கள் இருக்கிற இடம் பனியன் தொழில். அதனால் நொய்யலில் இருந்து தொடங்குகிறேன்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக வந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற ஆறு. சென்னிமலைக்கு மேற்கே அதன் கரையில்தான் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கபிலர் பாடிய 67ஆம் பாட்டில் 'கொடுமணம்' என்று வருகிற ஊர் இதுதான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். 1985இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு தொடங்கியது. பிறகு பல கட்டமாகத் தோண்டினார்கள். மணி செய்த பட்டறைகள், இரும்பு உருக்கிய உலைகள், பெயர் கீறிய தமிழ் பிராமிப் பானையோடுகள் எல்லாம் கிடைத்தன. பச்சைக்கல், பளிங்கு, சூதுபவளம் என்று வகை வகையான கல்லை அறுத்து, துளை போட்டு, மெருகேற்றி அனுப்பியிருக்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போகிற பாதையில் இந்த ஊர் இருந்ததுதான் காரணம். கோவைக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் புதையலாகக் கிடைத்ததும் அந்தப் பாதையால்தான். வெளிநாட்டு ஆர்டருக்குச் சரக்கு செய்து அனுப்புவது நொய்யல் கரையில் இன்று நேற்றுத் தொழில் இல்லை என்பது, திருப்பூரில் வேலை பார்க்கிற உங்களுக்குப் பெருமையாக இருக்கவேண்டிய விஷயம்.

இதற்கு அடிப்படையாக மயிலை சீனி. வேங்கடசாமியின் 'கொங்கு நாட்டு வரலாறு' படியுங்கள். கி.பி. 250 வரைக்குமான பழங்காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதியது. 1974இல் வந்த புத்தகம், அதனால் கொடுமணல் அகழாய்வு முடிவுகள் அதில் இருக்காது. ஆனாலும் சங்கப் பாட்டில் இருந்தும் கல்வெட்டில் இருந்தும் ஒரு நாட்டின் கதையை எப்படிக் கட்டுவது என்பதை அவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொண்டு போகிறார். எங்கே உறுதியாகத் தெரியும், எங்கே ஊகம் என்று பிரித்துச் சொல்கிற நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். அவருடைய எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, ஆகவே பல பதிப்பகங்கள் மலிவாகப் போட்டிருக்கின்றன. இதை ராத்திரியில் படிக்காதீர்கள், தூக்கம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் அத்தியாயம் போதும். முடித்ததும் குடும்பத்தோடு அறச்சலூர் போய்வாருங்கள். அங்கே மலைக்குகையில், ஆட்டத்துக்கான தாள எழுத்துகளைப் பிராமியில் வெட்டிவைத்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு போனால் இன்னும் நல்லது.

அதே நொய்யலின் இன்றைய கதைக்கு இரண்டு நாவல்கள். எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல்கடிகை' திருப்பூரில் வளர்கிற ஐந்து நண்பர்களின் கதை. பள்ளி முடித்த பையன்கள் பனியன் தொழிலுக்குள் போய், பணம் பார்த்து, பணத்தால் மாறி, ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசைக்குப் போகிறார்கள். கட்டிங், செக்கிங், அயர்ன் டேபிள், நைட் ஷிப்ட் என்று உங்கள் கம்பெனிக்குள் நடப்பது எல்லாம் இலக்கியமாக வந்திருப்பதை நீங்கள் பார்க்கவேண்டும். கொஞ்சம் பெரிய நாவல், நடுவில் தொய்கிற இடங்களும் இருக்கின்றன. அவசரப்படாமல் படியுங்கள். சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' அளவில் சிறியது, சாயப்பட்டறைக் கழிவு ஆற்றை என்ன செய்தது என்பதுதான் அதன் மையம். நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையை 1992இல் பாசனத்துக்காகக் கட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே அது சாயத் தண்ணீர் தேங்குகிற இடமாகிப் போனது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே நின்றுபோனது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அந்தத் தீர்ப்புக்குப் பல ஆண்டுகள் முன்பே எழுதப்பட்ட நாவல் அது. ஆற்றங்கரை விவசாயிகள் பக்கத்தில் நின்று எழுதியவர், அதே தொழிலால் பிழைக்கிற ஊரில் இருந்துகொண்டே எழுதினார். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

ஆற்றைப் பேசினால் மலையையும் பேசவேண்டும். இரா. முருகவேள் மொழிபெயர்த்த 'எரியும் பனிக்காடு' கட்டாயம் உங்கள் பட்டியலில் இருக்கவேண்டும். பி.எச். டேனியல் என்ற டாக்டர் வால்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர். அங்கே கண்டதையும் கேட்டதையும் வைத்து 1969இல் ஆங்கிலத்தில் எழுதினார். தமிழில் 2007இல் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து கங்காணியின் முன்பணத்தை நம்பி மலையேறுகிற கருப்பன், வள்ளி என்ற தம்பதியின் கதை. கடன் தீராது, காய்ச்சல் விடாது, மலையில் இருந்து இறங்கவும் விடமாட்டார்கள். பாலாவின் 'பரதேசி' படம் இதில் இருந்து வந்ததுதான். படம் பார்த்தவர்கள்கூட புத்தகத்தைப் படிக்கவேண்டும், ஏனென்றால் ஒரு டாக்டரின் கண் இதில் இருக்கிறது. எந்த நோய் எதனால் வந்தது, மருந்து ஏன் கிடைக்கவில்லை என்று கணக்கு வைத்துச் சொல்கிறார். டாப் ஸ்லிப்புக்கும் வால்பாறைக்கும் சுற்றுலா போகிற நாம் எல்லோரும் ஒருமுறை படித்துவிட்டுப் போகவேண்டும் என்பது என் விருப்பம். முருகவேளே எழுதிய 'முகிலினி' சிறுமுகை விஸ்கோஸ் ஆலையும் பவானி ஆறும் பற்றியது. அதை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி'யைப் பலரும் உங்களுக்குச் சொல்வார்கள். 2004இல் வந்தது. சத்தியமங்கலம் மலையில் வாழும் சோளகர்களின் வாழ்க்கையும், வீரப்பன் தேடுதல் வேட்டையில் அவர்கள் பட்ட சித்திரவதையும். மிக முக்கியமான புத்தகம், நான் மறுக்கவில்லை. ஆனால் படிப்புக்குத் திரும்பி வருகிற ஒருவர் ராத்திரி பத்து மணிக்கு எடுக்கவேண்டியது இது இல்லை. இரண்டாம் பாதி மனதை உலுக்கிவிடும். இரண்டு மூன்று மாதம் படித்துப் பழகியபின், பகல் வேளையில், முடித்ததும் யாரிடமாவது பேச வாய்ப்பிருக்கிற சமயமாகப் பார்த்து எடுங்கள்.

இத்தனை பாரத்துக்கு நடுவே மூச்சு விட ஓர் இடம் வேண்டும். அதற்கு எனக்குத் தியடோர் பாஸ்கரன் கட்டுரைகள். தாராபுரத்தில் பிறந்தவர், அஞ்சல் துறையில் பெரிய பொறுப்பில் இருந்தவர், காட்டுயிர் பற்றித் தமிழில் எழுத ஒரு வழியையே போட்டுக் கொடுத்தவர். 'இன்னும் பிறக்காத தலைமுறைக்காக' தொகுப்பில் இருந்து தினம் ஒரு கட்டுரை படிக்கலாம், சிறியவை. இவரைப் படித்துவிட்டுக் காங்கயம் பக்கம் பஸ்ஸில் போகும்போது நான் ஜன்னல் பக்கம்தான் உட்காருவேன். கிளுவை வேலி போட்ட கொரங்காடு, அதில் கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரங்கள். வெறும் மேய்ச்சல் காடு என்று நாம் கடந்து போகிற அந்த நிலம்தான் காங்கயம் மாட்டை வளர்த்தது. மழை குறைந்த ஊரில் புல், மரம், வேலி, கால்நடை நான்கையும் ஒன்றுக்கொன்று தாங்கும்படி நம் அப்பாருமார்கள் அமைத்துவைத்த ஏற்பாடு. பார்க்கக் கற்றுக்கொடுக்கிற எழுத்து என்று இவர் எழுத்தைத் தயங்காமல் சொல்வேன்.

கவிதை என்றால் சிற்பியின் 'ஒரு கிராமத்து நதி'. ஆத்துப் பொள்ளாச்சிக்காரர் தன் ஊரைப் பற்றிப் பாடியது. கவிதை புரியாது என்று பயப்படுகிறவர்களுக்கு இதைத்தான் கொடுப்பேன். சிரிக்கவேண்டும் என்றால் க.சீ. சிவகுமாரின் சிறுகதைகள். மூலனூருக்குப் பக்கத்தில் கன்னிவாடிக்காரர், 2017இல் காலமானார். நம் ஊர்ப் பேச்சில் இருக்கிற குசும்பை அவர் அளவுக்கு எழுத்தில் கொண்டுவந்தவர்கள் குறைவு.

அப்புறம் உங்கள் மாமியார். அவருக்கு நம் ஊரை விட்டு வெளியே ஒரு புத்தகம் சொல்கிறேன்: தாராசங்கர் பந்தோபாத்தியாயாவின் 'ஆரோக்கிய நிகேதனம்', த.நா. குமாரஸ்வாமி தமிழாக்கம். 1953இல் வங்காளத்தில் வந்தது. ஜீவன் மசாய் என்ற கிராமத்து வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்து, சாவு எப்போது வரும் என்று சொல்லக்கூடியவர். ஊருக்குப் புதிதாக வருகிற இளம் டாக்டருக்கு அது மூடநம்பிக்கை, கொடுமை. யார் சரி என்று தாராசங்கர் தீர்ப்புச் சொல்வதில்லை. எதற்கெடுத்தாலும் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள் நாம். வயதானவர்களுக்கு எவ்வளவு தூரம் வைத்தியம் பார்ப்பது, எங்கே நிறுத்துவது என்று நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. இந்த நாவல் அதைப் பயமில்லாமல் பேசுகிறது. என் வீட்டில் பெரியவர்கள் படித்துவிட்டு அதைப் பற்றி அவர்களாகவே பேசினார்கள். உங்கள் மாமியாருக்குப் பிடித்தால் அடுத்து 'பதேர் பாஞ்சாலி' கொடுங்கள். அதைத் தமிழில் தந்தவர் நம் 'நாகம்மாள்' சண்முகசுந்தரம்தான்.

மாமியாரிடம் நீங்களும் ஒன்று கேளுங்கள்: சின்ன வயதில் உடுக்கடிப் பாட்டில் அண்ணன்மார் கதை கேட்டிருக்கிறாரா என்று. பொன்னர், சங்கர், தங்காள் கதையை ராத்திரி ராத்திரியாகப் பாடி முடிப்பார்கள். 1960களில் பிரெண்டா பெக் என்ற மானிடவியல் அறிஞர் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, அந்தப் பாட்டை முழுசாக ஒலிநாடாவில் பதிவு செய்தார். பின்னால் தமிழும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு பாகமாக அச்சில் வந்தது. வாங்கச் சொல்லவில்லை, பெரிய நூலகத்தில் கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். அதைவிட உங்கள் மாமியார் சொல்கிற கதையை போனில் பதிவு செய்து வையுங்கள். புத்தகத்தில் இருப்பதற்கும் அவர் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கும், அந்த வித்தியாசத்துக்காகவே பதிவு செய்யவேண்டும்.

எங்கே வாங்குவது என்று அடுத்துக் கேட்பீர்கள். கோவை போகிற வேலை இருந்தால் ராஜ வீதியில் விஜயா பதிப்பகம். மேலே சொன்னதில் பெரும்பாலானவை அங்கே கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005இல் இருந்து நடத்துகிற புத்தகத் திருவிழா ஆகஸ்ட் மாதத்தை ஒட்டி வரும், கோவை கொடிசியாவில் ஜூலையில் வரும். கழிவு கிடைக்கும் என்பதால் விலை கூடின புத்தகங்களை அதுவரை தள்ளிப்போடலாம். ஆனால் 'நீர்வழிப் படூஉம்' மட்டும் அதுவரை காத்திருக்கவேண்டாம், இந்த வாரமே வாங்குங்கள். 'நாகம்மாள்' நூலகத்தில் இருக்கும், முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள்.